பானையில் வரைந்த முகம்

என் சித்தப்பா தன்னை ஆர்ட்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்வார். அப்பாவுக்கு அது பிடிக்காது. மற்றவர்களுக்கு அது சிரிப்பு. எனக்கு அது ஒரு உத்தியோகம் மாதிரி. டாக்டர், போலீஸ், ஆர்ட்டிஸ்ட்.

அப்போது நாங்கள் கேரளாவில், வித்துராவிலிருந்து கல்லாறு போகிற ரோட்டில் இருந்தோம். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். கட்டிக்கொண்டிருந்த ஒரு மாடி வீட்டின் பக்கத்திலேயே எங்கள் தகர ஷெட். அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். சித்தாளுக்கு அங்கே மைக்காடு என்று பெயர். சித்தப்பாவும் மைக்காடுதான். மணல் சலிப்பார், கலவை போடுவார், சாந்து சுமப்பார். ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் சும்மா பேச்சுக்கு என்ன ஜோலி என்று கேட்டால், ஆர்ட்டிஸ்ட் என்பார். கண்டக்டர் அவர் கையைப் பார்ப்பார். விரல் இடுக்கெல்லாம் சிமென்ட் வெளுத்துப்போயிருக்கும். சித்தப்பா சட்டைப் பையில் ஒரு பிரஷ் வைத்திருப்பார். அதைக் கொஞ்சம் மேலே இழுத்துவிடுவார்.

ஊரில் அம்மன் கோயில் சுவரில் ஒரு சிங்கம் இருக்கிறது. அதைத் தான்தான் வரைந்தேன் என்பார். வரைந்தவருக்கு ஏணி பிடித்தது மட்டும்தான் இவர் என்று அம்மா எனக்குத் தனியாகச் சொன்னாள்.

கல்லாற்றில் ஒரு சாயாக்கடை. பொன்முடிக்குப் போகிற கார்கள் அங்கே நிற்கும். சித்தப்பா கடைக்காரரைப் பேசிப் பிடித்து, சுவரில் ஒரு மயில் வரைந்தார். நான் பெயிண்ட் டப்பா பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் வெளியே வந்தார், பார்த்தார், தலையை ஆட்டினார்.

"தாராவு கொள்ளாம்" என்றார்.

தாராவு என்றால் வாத்து. வாத்து நன்றாக இருக்கிறது என்கிறார். அன்றிலிருந்து சைட்டில் யார் வேண்டுமானாலும் கேட்பார்கள், வாத்து முட்டை போட்டுதா ஆர்ட்டிஸ்டே என்று. சித்தப்பா அசரமாட்டார். அது நான் வரைந்ததே இல்லை, ஒரு பையன் கையில் கொடுத்தேன், கெடுத்துவிட்டான் என்பார். நான் அன்றைக்குக் காலையிலிருந்து அவர் கூடவே நின்றவள். பையன் யாரும் அங்கே வரவில்லை.

அவர் இப்படித்தான். பொய் சொன்னால் முகத்தில் ஒன்றும் தெரியாது. நல்லதாக இருந்தால் தான் செய்தது, சிரித்தார்கள் என்றால் வேறு யாரோ செய்தது. அப்பா அவரிடம் சாந்தைத் தவிர வேறு பேச்சுப் பேசுவதை விட்டுவிட்டார்.

அந்த வீட்டு முதலாளி கல்ஃபில் இருந்து வந்தவர். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஓட்டு வீட்டில் அவருடைய அண்ணன் இருந்தார். மூத்தவர் என்று எல்லோரும் சொல்வார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். பாகம் பிரித்ததில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். தம்பியின் பங்கில் ஒரு பெரிய சக்கை மரம், நம் ஊர்ப் பலா, நின்றது. வீடு கட்ட இடம் வேண்டுமென்று அதை வெட்டினார்கள். அதன் பலகையில்தான் கதவும் நிலையும். மரம் விழுந்த அன்றைக்கு மூத்தவர் ரோட்டோரக் கலுங்கில் வந்து உட்கார்ந்தார். கலுங்கு என்றால் ஓடையின் மேலே கட்டிய சின்னப் பாலத்துக் கட்டை. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அங்கேதான். ஒன்றும் சொல்லமாட்டார். வீட்டைப் பார்ப்பார். இருட்டத் தொடங்கியதும் எழுந்து போவார். சித்தப்பா மணல் சலிக்கிற இடம் அவருக்கு நேர் எதிரே.

சுவர் லிண்டல் உயரத்துக்கு வந்ததும் வீட்டு முன்னால் ஒரு பொம்மை நட வேண்டும். நம் ஊரில் திருஷ்டிப் பொம்மை, அங்கே நோக்குகுத்தி. கம்பைக் கட்டி, பழைய சட்டைக்குள் வைக்கோல் அடைத்து, தலைக்கு ஒரு மண்பானையைக் கவிழ்ப்பார்கள். ரோட்டில் போகிறவன் கண் வீட்டின் மேல் விழாமல் அதன் மேல் விழ வேண்டும். அதனால் அது கோரமாக இருக்கும். முட்டைக்கண், கோரைப்பல், தொங்குகிற நாக்கு. எந்த சைட்டுக்குப் போனாலும் அதே முகம்தான். ஒருத்தர் சாயலும் அதில் வரக்கூடாது. யாரும் இதை எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

மேஸ்திரி மார்த்தாண்டத்துக்காரர். சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"ஆர்ட்டிஸ்டே, ஒமக்கு ஒரு படம் உண்டு வே. வாத்து வேண்டாம், பூதம் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. மேஸ்திரி கோயிலுக்குப் போய்விட்டார், அப்பாவும் அம்மாவும் வித்துரா சந்தைக்குப் போனார்கள். சித்தப்பா பானையைக் கம்பில் மாட்டிவிட்டு, ஒரு பலகை மேல் ஏறி நின்று வரைந்தார். சுண்ணாம்பு, அடுப்புக்கரி, தரைக்குப் போடுகிற ரெட் ஆக்ஸைடு. வேறு நிறம் இல்லை. நான் தேங்காய்ச் சிரட்டையில் சுண்ணாம்பை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பேசவே இல்லை. நான் பேசினாலும் கையை மட்டும் காட்டினார், சும்மா இரு என்று. சிங்கக் கதை இல்லை, ஒரு பொய்கூட இல்லை. எனக்குச் சலித்துப்போனது. அந்தச் சித்தப்பா வேறு யாரோ போலிருந்தார்.

வெயில் சாயும்போது பலகையை விட்டு இறங்கி மணல் மேல் உட்கார்ந்தார்.

"வந்துட்டாரு" என்றார்.

யார் வந்தது என்று நான் ரோட்டைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் முதலில் சிரித்தது பால்காரர். சைக்கிளை நிறுத்திச் சிரித்தார். பிறகு போனக்காடு எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப் நின்றது. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அய்யோ, இது நம்மட மூத்தவரல்லே" என்றார் டிரைவர். அப்புறம் அது ஜங்ஷன் முழுக்கப் பரவியது. சாயா குடித்துவிட்டு ஆட்கள் நடந்தே வந்தார்கள்.

முட்டைக்கண்ணும் இல்லை, நாக்கும் இல்லை. ஒரு வயசான மனிதர். கீழ் உதட்டை உள்ளே இழுத்து வைத்திருந்தார். ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் மேலே. கண் எதையோ பார்த்துக்கொண்டே இருந்தது, அதை எடுக்க முடியாதது மாதிரி. வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் நின்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒரு கிழவர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மேஸ்திரி தலையில் கை வைத்தார். அழித்துவிடலாம் என்பதற்குள் முதலாளியே வந்துவிட்டார். விஷயம் இதுதான். வீடு முடிந்து பால்காய்ச்சுக்கு மூத்தவர் வந்து நிற்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் நடையாய் நடந்து பேசி, அவரும் பார்க்கலாம் என்ற அளவுக்கு இறங்கியிருந்தார். இப்போது தம்பி அண்ணனை நோக்குகுத்தியாக நட்டு வைத்திருக்கிறான் என்று ஊர் சிரிக்கிறது. கண் போடுகிறவன் இவன்தான் என்று காட்டியது போலாகிவிட்டது. மூத்தவர் ஆள் அனுப்பியிருந்தார். நாளைக் காலையில் வருகிறேன், அதுவரைக்கும் அதைத் தொடக்கூடாது, வரைந்தவன் என் முன்னால் நிற்க வேண்டும், யார் சொல்லி வரைந்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

முதலாளி எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"ஞான் பறஞ்ஞில்லா. அது அவரோடு ஆரெங்கிலும் பறயணும். இல்லெங்கில் நிங்ஙள் எல்லாரும் சாமானம் எடுத்தோ."

நான் சொல்லி வரையவில்லை என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்கிறார். சாமான் என்றால் எங்களுக்கு ஷெட்டே சாமான்தான். அடுப்பும் பாயும் என் ஸ்கூல் பையும் அதற்குள் இருந்தன. வேறு சைட் கையில் இல்லை. மழைக்காலம் வேறு வந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் மேஸ்திரி ஷெட்டுக்கு வந்தார். அப்பா சித்தப்பாவைத் திட்டித் திட்டி ஓய்ந்திருந்தார். மேஸ்திரியைப் பார்த்ததும் மறுபடி தொடங்கினார்.

"ஏல, பூதம் வரையச் சொன்னா மனுசன வரஞ்சி வச்சிருக்கியே. ஒனக்குக் கிறுக்கால?"

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"பிள்ள வரஞ்சதுன்னு சொல்லுவோம்" என்றார். "பச்சப்பிள்ள வெளயாட்டுக்குக் கிறுக்கிச்சு. யாரு சாயல்னு அதுக்குத் தெரியுமா? பிள்ளட்ட போயி யாரு சண்ட பிடிப்பா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார்.

"வாத்த ஒரு பையன் வரஞ்சாம்லா," என்றார் அப்பா. "இத ஒரு பிள்ள வரஞ்சிட்டுப் போட்டும்."

சித்தப்பா தட்டைக் கழுவ எழுந்து போனார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லோரும் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். சொல்லி முடித்தால் பழம்பொரி, அந்த ஊர் வாழைப்பழ பஜ்ஜி, வாங்கித் தருவதாக மேஸ்திரி சொன்னார். பழம்பொரி இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். அவ்வளவு பேர் முன்னால் நின்று நான்தான் வரைந்தேன் என்று சொல்ல யாருக்குக் கிடைக்கும்?

அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான்தான் வரஞ்சேன், வெளயாட்டுக்கு. அவ்வளவுதான். வேறு எதுவும் பேசக்கூடாது. நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். போய்ப் பொம்மையின் கீழே நின்றும் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. சுண்ணாம்புச் சிரட்டை என் கையில்தானே இருந்தது. அந்தப் புருவத்தைக்கூட நான்தான் தூக்கி வைத்தேன் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் மூத்தவர் ரோட்டைத் தாண்டி வந்தார். வெள்ளை முண்டு, தோளில் துண்டு. அவர் அந்த மண்ணில் கால் வைத்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும். சக்கை மரம் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார், அதன் மேல் மிதிக்கவில்லை. ஜங்ஷனில் பாதிப் பேர் ரோட்டில் நின்றார்கள். தம்பியை அவர் பார்க்கவே இல்லை. பொம்மையைத்தான் பார்த்தார். பொம்மையும் அவரைப் பார்த்தது.

"ஆரா இது வரச்சே?" என்றார்.

மேஸ்திரி என் முதுகில் ஒரு விரலை வைத்துத் தள்ளினார். நான் ஓரடி முன்னால் போனேன்.

"நான்தான் வரஞ்சேன். வெளயாட்டுக்கு."

நன்றாகச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். மூத்தவர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"நீயா மோளே?"

அவர் உதட்டோரம் கொஞ்சம் தளர்ந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. முதலாளி மூச்சு விட்டார். ரோட்டில் ஒருத்தர் பீடி பற்ற வைத்தார். மேஸ்திரி அத்தோடு விட்டிருக்கலாம்.

"பச்சப்பிள்ள கிறுக்கல் சாரே," என்றார். "இதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. சும்ம கரிய எடுத்து இழுகி வச்சிருக்கு."

"கிறுக்கல் இல்ல."

மணல் குவியல் பக்கத்திலிருந்து சித்தப்பா. கையில் சல்லடை இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"ஏல, சும்ம கெட" என்றார் அப்பா.

"அவளுக்கு எட்டாதுண்ணே. நான் வரஞ்சது."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். எனக்குக் கோபமான கோபம். என் பங்கை நான் ஒரு தப்பும் இல்லாமல் சொல்லி முடித்திருந்தேன்.

மூத்தவர் நிமிர்ந்தார். தம்பி நின்ற பக்கம் பார்க்காமலே கையை மட்டும் அந்தப் பக்கம் காட்டினார்.

"அவன் பறஞ்ஞிட்டாணோ?"

"இல்ல. மொதலாளிக்குத் தெரியாது. அவங்க பூதந்தான் வரயச் சொன்னாங்க."

"பின்னெ எந்தினு?"

பிறகு எதற்கு என்று கேட்கிறார். சித்தப்பாவுக்கு எத்தனையோ பொய் தெரியும். பையன் ஒருத்தன் வந்தான் என்று சொல்லியிருக்கலாம். தெரியாமல் சாயல் வந்துவிட்டது என்று சொல்லியிருந்தாலும் பாதி உண்மைதான். அவர் தன் கையைப் பார்த்தார்.

"வேற மொகம் எனக்கு வரல," என்றார். "தெனம் மண்ணு சலிக்கும்போது ஒங்க மொகத்தத்தான் பாத்தேன்."

மூத்தவர் பானையில் இருந்த கண்ணைப் பார்த்தார்.

"இது அசூயக்காரன்றெ கண்ணாணோ?" மூத்தவர் குரல் இறங்கியிருந்தது. பொறாமைக்காரன் கண்ணா என்று கேட்கிறார். முதலாளி சித்தப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல," என்றார் சித்தப்பா. "மரம் வெட்டுனன்னைக்கி இருந்த கண்ணு."

மூத்தவர் பொம்மையின் கிட்டே போனார். அவருடைய உயரமும் அதன் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. அங்கே நின்று, தன் கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார். அவருக்கு அது தெரியாது. பார்த்த எங்களுக்குத் தெரிந்தது, ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கடைசியில் திரும்பினார்.

"மூக்கு கூடிப்போயி" என்றார்.

சித்தப்பா பானையை ஒரு தரம் பார்த்தார்.

"ஆமா. மூக்கு தப்பிட்டு."

மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார். பால்காய்ச்சுக்கு வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுதான் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தை அழிக்க வேண்டும், அவன் இனிமேல் இந்த மண்ணில் நிற்கக்கூடாது, மற்றவர்கள் வேலையைப் பாருங்கள் என்றார். மேஸ்திரி அதை அப்பாவிடம் சொன்னார். அப்பாதான் அதைச் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா போய்ச் சித்தப்பா பக்கத்தில் நின்றார். ரெண்டு பேரும் மணல் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பிள்ளயே சொல்லிட்டுல்லா," என்றார் அப்பா. "முடிஞ்சி போன காரியம். எதுக்குல வாயத் தொறந்த?"

"மேஸ்திரி கிறுக்கல்னுட்டாரு" என்றார் சித்தப்பா.

"சொல்லிட்டுப் போறாரு. வாத்துன்னு சொன்னப்ப ஒனக்கு நாக்கு இல்லயா?"

"அது வாத்துதாம்ணே."

மத்தியான பஸ்ஸுக்கு நானும் அப்பாவும் அவரை ஏற்றிவிடப் போனோம். ஒரு பை, ஒரு போர்வை. பஸ் வந்ததும் அப்பா அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டார். பஸ் போய்விட்டது. சித்தப்பா பிறகு தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். நான் அவரிடம் ரொம்ப காலம் பேசவில்லை. கோபம். பெரியவர்களே எனக்குக் கொடுத்ததை அவர் அத்தனை பேர் முன்னால் பிடுங்கிக்கொண்டார். எதுவுமே தன்னுடையது இல்லை என்று சொல்லித் தப்பிக்கிற ஆள், எனக்குக் கிடைத்த ஒன்றுக்கு மட்டும் ஏன் அப்படி முறைத்துக்கொண்டு வந்தார் என்று எனக்கு விளங்கவே இல்லை. மேஸ்திரி பழம்பொரி வாங்கித் தந்தார், அது சரிதான். ஆனால் வாக்குக் கொடுத்ததற்காகத் தந்தார். நான் வரைந்ததற்காக இல்லை.

முகத்தை அழிக்கச் சொன்னது அப்பாவிடம். அன்றைக்குச் சுண்ணாம்பு நீறவில்லை, நாளைக்கு அடித்துவிடலாம் என்றார். முதலாளி கண்ணில் படாமல் இருக்க ஒரு சிமென்ட் சாக்கை அதன் தலையில் கவிழ்த்தார். அப்பா சொன்ன வேலையைத் தள்ளிப் போடுகிறவர் இல்லை. காய்ச்சலோடு ஓடு மேய்ந்திருக்கிறார். அந்த 'நாளைக்கு' மட்டும் நாலைந்து நாளாகியும் வரவில்லை.

ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உள்ளே, பூசாத அறையில் படுத்திருந்தார்கள். நான் தண்ணீர் எடுக்க முன்பக்கம் போனேன். அப்பா பொம்மையின் முன்னால் நின்றிருந்தார். சாக்கு அவர் கையில் இருந்தது. முகம் அப்படியே இருந்தது. அப்பா கொஞ்சம் பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு பக்கவாட்டில் போய், மட்டம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரும்பவும் முன்னால் வந்தார். ஒரு சுவரைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. அடிக்கத்தான் அளவு பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"அழிக்கலயாப்பா?" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். சாக்கைப் பார்த்தார்.

"சாக்கு நனஞ்சிருக்கு" என்றார். "காயட்டும்னு எடுத்தேன்."

அதைப் பொம்மையின் தலையில் போட்டு, கழுத்துப் பக்கம் இழுத்துவிட்டு, உள்ளே போனார். நான் எட்டிச் சாக்கின் கீழ் நுனியைத் தொட்டுப் பார்த்தேன். மொறமொறவென்று காய்ந்திருந்தது. அப்பா கை எந்நேரமும் சிமென்டில் கிடக்கிற கை, தொட்டால் ஈரமா காய்ந்ததா என்று தெரியாமல் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனேன்.